பார்க் ஸ்ட்ரீட் ராத்திரிகள்: ஒரு வரவு செலவுக் கணக்கு

கொல்கத்தாவில் வேலை என்று ஊரில் சொன்னால் உடனே மூன்று விஷயம் கேட்பார்கள். ரசகுல்லா, காளி கோயில், ஹௌரா பாலம். நாலாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "அங்கே நைட் கிளப்பெல்லாம் இருந்துதாமே?" என்பார்கள். மாமி சமையலறையிலிருந்து வருகிற சத்தம் கேட்டால் பேச்சு டக்கென்று துர்கா பூஜைக்குத் தாவிவிடும் :-)

இருந்தது. ஒன்றிரண்டு அல்ல, ஒரே தெருவில் வரிசையாக இருந்தன. 1950-களின் நடுவிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பார்க் ஸ்ட்ரீட்டில் நடந்தால் ஒரு கதவிலிருந்து சாக்ஸபோன், அடுத்த கதவிலிருந்து பியானோ, எதிர்ப்பக்கத்திலிருந்து கிட்டார் என்று கேட்டுக்கொண்டே போகலாம் என்பார்கள் அந்தக் காலத்து ஆட்கள். ப்ளூ ஃபாக்ஸ் இருந்த இடத்தில் பிற்பாடு மெக்டொனால்ட்ஸ் வந்தது. ஜாஸ் வாசித்த இடத்தில் பர்கர்.

இதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பெருமூச்சு விடாமல் எழுதுவதில்லை. "ஆஹா, அந்த நாள்! கம்யூனிஸ்டுகள் வந்தார்கள், எல்லாம் போச்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நான் பி.காம். படித்தவன், பிழைப்பு வங்கியில். எந்தக் கடை மூடினாலும் எனக்கு முதலில் தோன்றுகிற கேள்வி ஒன்றுதான்: பில்லை யார் கட்டிக்கொண்டிருந்தார்கள்? ஏன் நிறுத்தினார்கள்? அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தக் கதை வேறு மாதிரி தெரிகிறது. அதில் நம் ஆட்களும் வருகிறார்கள், மேடையிலும் சரி, கணக்குப் பிள்ளை மேஜையிலும் சரி.

இடுகாட்டுத் தெரு

முதலில் தெருவைப் பற்றி. 18-ஆம் நூற்றாண்டில் இதன் பெயர் பரியல் கிரவுண்ட் ரோடு. இடுகாட்டுத் தெரு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1767-ல் திறந்த சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. பாசி படிந்த கூர்கோபுரங்களோடு பட்டப்பகலிலேயே கொஞ்சம் கிலியாகத்தான் இருக்கும். பிற்பாடு, கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதி எலைஜா இம்பே இந்தப் பக்கம் வைத்திருந்த மான் பூங்காவை வைத்து 'பார்க்' என்ற பெயர் வந்தது. இப்போது அதிகாரப்பூர்வமாக மதர் தெரசா சரணி. டாக்சிக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள், ஒரு நிமிஷம் யோசிப்பார்.

யுத்தமும் பஞ்சமும் பியானோவும்

ராத்திரி ஆட்டபாட்டம் முதலில் தொடங்கியது பார்க் ஸ்ட்ரீட்டில் அல்ல, அதன் வாசலில் இருக்கும் சௌரங்கியில். அங்கே இரண்டு பெரிய இடங்கள். ஒன்று, ஏஞ்சலோ ஃபிர்போ என்ற இத்தாலியர் நடத்திய ஃபிர்போஸ். இன்னொன்று கிராண்ட் ஹோட்டல். கிராண்டை எழுப்பியவர் அரத்தூன் ஸ்டீஃபன் என்ற ஆர்மீனியர். 1930-களில் அங்கே டைஃபாய்டு பரவி விருந்தாளிகள் சிலர் இறந்துபோக, ஹோட்டலை இழுத்து மூடினார்கள். யாரும் தொடத் துணியாத அந்தக் கட்டடத்தைத்தான் 1938-ல் மோகன் சிங் ஓபராய் குத்தகைக்கு எடுத்தார். அடுத்த வருஷமே உலக யுத்தம். கல்கத்தா முழுக்க அமெரிக்க, பிரிட்டிஷ் சிப்பாய்கள். அவருக்கு அடித்த யோகத்தைச் சொல்லவா வேண்டும்!

அந்த கிராண்டில் பியானோ வாசித்தவர் டெடி வெதர்ஃபோர்டு. அமெரிக்கக் கறுப்பினத்தவர். 1920-களில் சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங் இருந்த அதே இசைக்குழுவில் வாசித்தவர். அங்கிருந்து ஷாங்காய், பிறகு பம்பாய் தாஜ், கடைசியில் கல்கத்தா. அவருடைய குழுவில் பல ஊர்க்காரர்கள் இருந்தார்கள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தபோது ரங்கூனிலிருந்து தப்பி வந்த வாத்தியக்காரர்களும் அதில் உண்டு. பர்மாவிலிருந்து நடந்தே வந்த கதை நம்மில் பல குடும்பங்களில் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டதுதான். அதே அகதிக் கூட்டத்தில் கிளாரினெட்டும் கிட்டாரும் வாசிக்கத் தெரிந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1943-ல் வங்காளப் பஞ்சம். இறந்தவர்கள் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை என்று கணக்கிடுகிறார்கள். கிராமங்களிலிருந்து கஞ்சித் தண்ணீர் கேட்டு வந்தவர்கள் கல்கத்தா நடைபாதைகளில் விழுந்து இறந்தார்கள். அதே வருஷம், அதே ஊரில், உள்ளே நடனம் நடந்துகொண்டிருந்தது. 'பொற்காலம்' என்று யாராவது சொன்னால் இந்த வருஷத்தையும் சேர்த்துத்தான் கூட்டிக்கொள்ள வேண்டும். வெதர்ஃபோர்டையும் அந்த ஊர் விடவில்லை. 1945 ஏப்ரலில் காலரா கண்டு, 41 வயதில், கல்கத்தாவிலேயே இறந்துபோனார்.

இன்னொரு ஆசாமியையும் சொல்லாமல் போக முடியாது. போரிஸ் லிஸ்ஸனேவிச். ரஷ்யப் புரட்சியில் ஊரை விட்டு வந்த பாலே நடனக்காரர். 1936-ல் கல்கத்தாவில் '300 கிளப்' ஆரம்பித்தார். அதில் என்ன விசேஷம்? வெள்ளைக்காரரும் இந்தியரும் ஒரே கூரையின் கீழ் உறுப்பினராக இருக்கலாம். இன்றைக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. ஆனால் பெங்கால் கிளப்பில் இந்தியருக்கு இடமில்லை என்பதால்தானே 1907-ல் கல்கத்தா கிளப் என்று தனியாகவே ஒன்று ஆரம்பித்தார்கள்! பெரிய மனிதர்களின் கிளப்புகள் செய்யத் துணியாததை, நாடு இழந்த ஒரு நடனக்காரர் செய்தார். அவர் பிற்பாடு காத்மாண்டு போய் ராயல் ஹோட்டல் நடத்தியது தனிக்கதை.

மொகாம்போ, ட்ரிங்காஸ், ப்ளூ ஃபாக்ஸ்

விடுதலைக்குப் பிறகு வெள்ளைக்காரன் போய்விட்டான், ஆனால் அவன் கம்பெனிகள் போகவில்லை. அதனால் கச்சேரியும் நிற்கவில்லை. சௌரங்கியிலிருந்து பார்க் ஸ்ட்ரீட்டுக்குள் நகர்ந்தது.

1956-ல் மொகாம்போ திறந்தது. அங்கே பாடியவர் பாம் கிரெய்ன், ஆங்கிலோ இந்தியப் பெண். கூட வாசித்தது ஆன்டன் மெனசஸ் குழு. அந்தத் தெருவில் 'ஜாஸ் ராணி' என்றால் அவர்தான். பக்கத்தில் மூலான் ரூஜ், ப்ளூ ஃபாக்ஸ். கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டலில் மேக்சிம்ஸ்.

ட்ரிங்காஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். 1927-ல் சுவிட்சர்லாந்துக்காரரான ஃப்ளூரி தொடங்கிய கேக் கடையில் ட்ரிங்கா கூட்டாளியாக இருந்தார். பிறகு பிரிந்துபோய், 1939-ல் எதிர்ப்புறத்தில் தனியாகத் தேநீர்க் கடை வைத்தார். (கூட்டு வியாபாரம் பிரிந்தால் நம்ம ஊரிலும் எதிர்க்கடைதானே!) 1959-ல் அந்தக் கடையை ஓம் பிரகாஷ் புரி என்ற பஞ்சாபியும், எல்லிஸ் ஜோஷுவா என்ற பாக்தாதி யூதரும் சேர்ந்து வாங்கினார்கள். தேநீர்க் கடை, மேடையும் இசைக்குழுவும் கொண்ட சாப்பாட்டு விடுதியாக மாறியது. பெங்களூரிலிருந்து கிட்டாரோடு வந்து அங்கே வாசித்த பையன்களில் ஒருவர் பிட்டு. 1974-ல் உலகமே ஆடிய 'குங் ஃபூ ஃபைட்டிங்' பாட்டின் தயாரிப்பாளர் அவர்தான்.

வாசித்தவர்கள் யார்? பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியர்களும் கோவாக்காரர்களும். கோவாவில் மாதா கோயில் பள்ளிகளில் சின்ன வயதிலேயே இசைக் குறிப்பு படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆங்கிலோ இந்தியர்களுக்கு ரயில்வே காலனி இன்ஸ்டிட்யூட் இருந்தது. பெரம்பூர், பொன்மலை, ஜோலார்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த மரத்தரை ஹாலும் கிறிஸ்துமஸ் டான்ஸும் தெரிந்திருக்கும். பார்க் ஸ்ட்ரீட் மேடைக்கு ஆள் வந்தது அப்படிப்பட்ட ஹால்களிலிருந்துதான். ப்ளூ ஃபாக்ஸில் வாசித்த லூயி பாங்க்ஸ் இன்னொரு வகை. டார்ஜிலிங்கில் வளர்ந்த நேபாளி. டிரம்பெட் வாசித்த அப்பா கல்கத்தா மேடைக்காக ஜார்ஜ் பாங்க்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். மகனுக்கு லூயி என்று வைத்தது ஆம்ஸ்ட்ராங் நினைவாக.

ஒரு நிமிஷம் இந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். இத்தாலியர், ஆர்மீனியர், ரஷ்யர், சுவிஸ்காரர், யூதர், பஞ்சாபி, கோவாக்காரர், நேபாளி, பெங்களூர்ப் பையன், பர்மா அகதி. கல்கத்தாவின் ராத்திரியை நடத்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் வந்தேறிகள். நம்மைப் போல.

மவுண்ட் ரோடில் தரைக்குக் கீழே

இந்த இடத்தில் கதை சென்னைக்கு ஒரு நடை போய்த் திரும்ப வேண்டும்.

மவுண்ட் ரோடில் சஃபையர் தியேட்டர் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். 1964-ல் திறந்தது. சஃபையர், ப்ளூ டைமண்ட், எமரால்ட் என்று ஒரே வளாகத்தில் மூன்று திரைகள். ப்ளூ டைமண்டில் படம் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அந்த வளாகத்தின் அடித்தளத்தில், நிஜமாகவே தரைக்குக் கீழே, 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு சின்ன நைட் கிளப் இருந்தது. நவரத்தினம்!

அப்போது சென்னையில் மதுவிலக்கு. 1948 முதல் மாகாணம் முழுக்க அமலில் இருந்ததை 1971-ல்தான் தளர்த்தினார்கள். ஆகவே பெர்மிட் இல்லாதவர் கையில் கோப்பை இருக்க முடியாத ஊரில் ஒரு நைட் கிளப்! பாட்டு ஒன்றை நம்பித்தான் கூட்டம் வர வேண்டும்.

1969-ல் அந்த மேடையில் பாடியவர் உஷா ஐயர். பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தந்தை போலீஸ் அதிகாரி. புடவை, பொட்டு, தலையில் பூ. மேடையில் நின்று ஆங்கிலப் பாட்டை அந்தக் கனத்த குரலில் பாடினால் கேட்டவர்கள் அசந்துபோனார்கள். அங்கிருந்து பம்பாயில் 'டாக் ஆஃப் தி டவுன்', பிறகு அதே வருஷம் கல்கத்தா ட்ரிங்காஸ். ஆங்கிலப் பாட்டு பாடும் பெண் என்றால் கவுன் அணிந்துதான் மேடை ஏற வேண்டும் என்று பழகியிருந்த ஊரில் காஞ்சிபுரம் பட்டோடு ஒரு பெண். ட்ரிங்காஸில் சந்தித்த கேரளக்காரரை மணந்து பிற்பாடு உஷா உதுப் ஆனார். கல்கத்தா அவருக்குச் சொந்த ஊர் ஆகிவிட்டது. 2024-ல் பத்ம பூஷண்.

இன்று கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறோம். 1969-ல் நம் வீடுகளில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை யோசித்துப் பார்க்கலாம். "ஐயர் வீட்டுப் பொண்ணு... நைட் கிளப்பிலா?" என்று இழுத்திருப்பார்கள். அந்த இழுப்பையும் தாண்டித்தான் அவர் அந்தப் படியில் இறங்கியிருக்கிறார்.

சஃபையர் 1994-ல் மூடியது, கட்டடமும் இடிபட்டது. தரைக்கு மேலே இருந்த தியேட்டருக்கு நினைவஞ்சலி எழுதியவர்கள் ஏராளம். கீழே இருந்த நைன் ஜெம்ஸ், உஷா உதுப்பின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகத்தான் தங்கியிருக்கிறது.

ஆரதி தாஸ்

மேடையில் பாடியவருக்குப் பத்ம விருது கிடைத்தது. ஆடியவருக்கு என்ன கிடைத்தது?

ஆரதி தாஸ் கிழக்கு வங்கத்து நாராயண்கஞ்சில் பிறந்தவர். பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டு வடக்குக் கல்கத்தாவில் வந்து ஒண்டிய குடும்பம். சிறுமியாக ஓர் ஆங்கிலோ இந்தியர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டு விருந்துகளில் ஆடுவதைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். அங்கே வந்துபோன பாடகர் ஒருவர் மூலம் ஃபிர்போஸில் வேலை கிடைத்தது. அப்போது அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. மேடைக்கு வைத்த பெயர் மிஸ் ஷெஃபாலி. ஷெஃபாலி என்றால் பவளமல்லி.

ஃபிர்போஸ், பிறகு கிராண்டின் பிரின்சஸ் என்று ஊரின் முதல் வங்காளிக் காபரே நடனக்காரி ஆனார். குடும்பம் முழுக்க அவர் சம்பளத்தில் சாப்பிட்டது. சத்யஜித் ராய் தன் 'பிரதித்வந்தி' (1970), 'சீமாபத்த' (1971) இரண்டு படங்களிலும் அவரை நடிக்க வைத்தார். வடக்குக் கல்கத்தா நாடக மேடைகளிலும் அவர் பெயருக்குக் கூட்டம் வந்தது. வயதான காலத்தில் கையில் காசில்லை. 2020 பிப்ரவரியில் ஊருக்கு வெளியே சோத்பூரில் இறந்தார்.

அந்த நாட்களை நினைத்து ஏங்குகிற கட்டுரைகளில் அவர் பெயர் ஜிகினா மாதிரி தூவப்பட்டிருக்கும். பள்ளி வயதுப் பெண் ஒருத்தியை ஆட வைத்துத்தான் அந்த ஜிகினா என்பதை யாரும் நிறுத்திச் சொல்வதில்லை. அவர் தன் வரலாற்றை வங்காளியில் புத்தகமாகவே சொல்லிவிட்டுப் போனார். யாரையும் நம்பாமல் தானே சொன்னது நல்லதாகப் போயிற்று.

பில்லைக் கட்டியது யார்?

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன்.

ஒரு மேடையில் ஆறு வாத்தியக்காரர், ஒரு பாடகி, ஒரு நடனம். அதோடு சமையல், பரிமாறுபவர்கள், உரிமக் கட்டணம், கேளிக்கை வரி. (சினிமா டிக்கெட்டில் நமக்குப் பழக்கமான அதே வரி; வங்காளத்தில் அதற்கு 1922-லேயே சட்டம் உண்டு.) இத்தனையையும் குடும்பத்தோடு வந்து ஐஸ்க்ரீம் சாப்பிட்டுப் போகிறவர்கள் காசில் வாரம் ஆறு ராத்திரி நடத்த முடியாது. அதைத் தாங்கியது கம்பெனிப் பணம்.

கல்கத்தாவில் பெரிய பெரிய மேனேஜிங் ஏஜென்சிகள் இருந்தன. ஆண்ட்ரூ யூல், பேர்டு, மார்ட்டின் பர்ன் என்று பெயர்கள். ஒரே அலுவலகத்திலிருந்து சணல் ஆலை, தேயிலைத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம் எல்லாவற்றையும் நிர்வகிப்பார்கள். அங்கே வேலை பார்த்த டை கட்டிய அதிகாரிகளுக்கு ஊரில் 'பாக்ஸ்வாலா' என்று பெயர். சரக்கு வாங்க வருகிறவரை மொகாம்போவுக்கு அழைத்துப் போனால் அது 'வியாபாரச் செலவு'. ராயின் 'சீமாபத்த' படமே அப்படிப்பட்ட ஓர் அதிகாரியைப் பற்றியதுதான். மின்விசிறிக் கம்பெனியின் விற்பனை அதிகாரி. அவருடைய மாலைகளில் காபரே ஒரு பகுதி.

இந்த ஏற்பாட்டுக்கு விழுந்த அடிகளைத் தேதி வாரியாகப் பாருங்கள்.

1966 ஜூன் 6. ரூபாய் மதிப்புக் குறைப்பு. ஒரு டாலர் 4.76 ரூபாயாக இருந்தது ஒரே நாளில் 7.50 ஆனது. லண்டனுக்கு லாபத்தைப் பவுண்டாக அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனிகளுக்கு இங்கே இருப்பதில் ருசி குறைந்தது.

1967. முதல் ஐக்கிய முன்னணி அரசு, தொழிற்சாலைகளில் 'கெராவ்', அதே வருஷம் நக்சல்பாரி. அடுத்த சில ஆண்டுகளில் ராத்திரி வெளியே போய்த் திரும்புவதே யோசிக்க வேண்டிய விஷயம் ஆனது.

1970 பிப்ரவரி 28. நிதித் துறையையும் தானே வைத்திருந்த பிரதமர் இந்திரா காந்தி பட்ஜெட் படித்த நாள். வருமான வரிச் சட்டத்தில் 37-ஆம் பிரிவுக்குள் ஒரு சின்ன உட்பிரிவு நுழைந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு இந்தியாவுக்குள் செய்யும் கேளிக்கை விருந்துச் செலவு எதையும் கம்பெனி தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியாது. அதற்கு முன்பும் உச்சவரம்பு இருந்தது. இப்போது அடியோடு கிடையாது. சில ஆண்டுகளில் அந்த உட்பிரிவை எடுத்துவிட்டார்கள் என்றாலும், அது உண்டாக்கிய தகராறு லேசில் ஓயவில்லை. வெளியூர் வாடிக்கையாளருக்கு வழக்கப்படி போடுகிற சாதாரணச் சாப்பாடு கேளிக்கைச் செலவு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 1995 ஆகிவிட்டது!

1970 ஏப்ரல் 3. அதாவது பட்ஜெட்டிலிருந்து முப்பத்து நாலே நாளில், மேனேஜிங் ஏஜென்சி முறையே சட்டப்படி ஒழிந்தது.

1974 ஜனவரி 1. புதிய அந்நியச் செலாவணிச் சட்டம் அமலுக்கு வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் பொதுவாகத் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பல கம்பெனிகள் கைமாறின. தலைமையகங்கள் ஒவ்வொன்றாக பம்பாய் பக்கம் போயின.

இவ்வளவும் இடதுசாரிகள் 1977-ல் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே நடந்தவை. அவர்கள் பங்குக்கு அவர்களும் செய்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. 1982-ல் புதிய கேளிக்கை வரிச் சட்டம் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் பொதுப்பணித் துறை அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, உஷா உதுப்பின் பாட்டை 'அபசம்ஸ்கிருதி', அதாவது சீரழிந்த கலாசாரம் என்றார். மகாஜாதி சதன் அரங்கில் பாட அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் போய் ஜெயித்தார். ஆனால் இந்தச் சண்டை நடந்தபோது தெருவின் பாதி மேடைகள் ஏற்கெனவே இருண்டிருந்தன. இருள் என்றால் நிஜ இருளும்தான். எழுபதுகளின் மின்வெட்டில் கிட்டாருக்கு ஏது கரண்ட்?

வாசிக்கவும் ஆள் குறைந்தது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியா, கனடா, இங்கிலாந்து என்று கப்பல் ஏறின. லூயி பாங்க்ஸை ப்ளூ ஃபாக்ஸில் கேட்ட ஆர். டி. பர்மன், அவரை பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார். அதற்குள் டேப் ரெக்கார்டர் வந்துவிட்டது. ஆறு பேர் சம்பளத்துக்குப் பதில் ஒரு கேசட் போதும்.

ஆகவே பார்க் ஸ்ட்ரீட்டைக் கொன்றது யார் என்றால், ஒழுக்கம் பேசியவர்களை மட்டும் கைகாட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த மேடைகளை வாழ வைத்தது ரசிகர்களின் சொந்தப் பணம் மட்டும் அல்ல. கம்பெனியின் செலவுக் கணக்கு. அதில் கொஞ்சம் நம் அரசின் வரியிழப்பும் சேர்த்திதான். அந்த வரி போனதும் வாத்தியக்காரன் சம்பளம் போனது. சாப்பாட்டு மேஜைகள் தங்கின, மேடை போயிற்று.

மிச்சம்

எல்லாம் அழிந்துவிடவில்லை. ட்ரிங்காஸ் நிற்கிறது, மேடையில் பாட்டும் உண்டு. புரி குடும்பத்தின் அடுத்த தலைமுறை பழைய படங்களையும் நினைவுகளையும் தேடிச் சேர்க்கிறது. மொகாம்போவில் இன்றும் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள். அரசிடம் போன கிரேட் ஈஸ்டர்ன் 2005-ல் விற்கப்பட்டு 2013-ல் புதிதாகத் திறந்தது. ஸ்கை ரூம் 1993-ல் தொழிலாளர் தகராறில் மூடியது, திரும்பத் திறக்கவில்லை. பெங்களூரில் பிறந்து, சென்னையில் வாசித்து, 1970-களில் கல்கத்தாவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட கிட்டார் கலைஞர் கார்ல்டன் கிட்டோ கடைசி வரை பிள்ளைகளுக்கு ஜாஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பாம் கிரெய்ன் 2013-ல் போனார், கிட்டோ 2016-ல், ஆரதி தாஸ் 2020-ல்.

இவர்கள் வாசித்ததில் பதிவானது கொஞ்சம்தான். தினமும் ராத்திரி வாசித்து, தினமும் காற்றில் போனது. கம்பெனி என்றால் ஐந்தொகை இருக்கும், நூற்றாண்டு மலர் இருக்கும். கிளப் மூடினால் பெஞ்சு நாற்காலியோடு எல்லாம் பழைய சாமான் கடைக்குப் போகும்.

இங்கேதான் நம் குடும்பங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த ஆண்டுகளில் டல்ஹௌசி ஸ்கொயர் கம்பெனிகளில் ஸ்டெனோவாகவும் அக்கவுண்டண்டாகவும் இருந்தவர்களில் தமிழர்கள் நிறைய. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்து, டிராமில் ஆபீஸ் போய், ஆறு மணிக்கு வீடு திரும்பி சந்தியாவந்தனம் பண்ணியவர்கள். ப்ளூ ஃபாக்ஸ் வாசலைக் கூட மிதித்திருக்க மாட்டார்கள். ஆனால் துரை முதல் நாள் ராத்திரி கையெழுத்துப் போட்ட பில், மறுநாள் காலை வவுச்சராக அவர்கள் மேஜைக்குத்தான் வந்திருக்கும். எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எவ்வளவு ஆனது, எந்தத் தலைப்பில் எழுதுவது... பார்க் ஸ்ட்ரீட்டின் வரவு செலவை அவர்களைவிட யார் அறிந்திருப்பார்?

அப்படி ஒரு பெரியவர் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் தயவுசெய்து கேளுங்கள். குரலைத் தாழ்த்தாமல், சாப்பாட்டு மேஜையில் எல்லார் முன்னாலும் கேளுங்கள். எந்தக் கம்பெனி, எந்த வருஷம், என்ன சம்பளம், எப்போது பில் வருவது நின்றது என்று. சம்பளச் சீட்டு, கம்பெனி டைரி, கிறிஸ்துமஸ் பார்ட்டி குரூப் போட்டோ எது இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள், பின்னால் பெயரும் வருஷமும் எழுதி. பெரம்பூர், பொன்மலைப் பக்கம் ஆங்கிலோ இந்திய அண்டை வீட்டார் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். அவர்களில் யாருடைய சித்தப்பாவோ கல்கத்தாவில் டிரம்ஸ் வாசித்திருக்கலாம். சென்னையில் நைன் ஜெம்ஸ் படியிறங்கிப் போனவர் யாராவது இருந்தால், அந்த அறை எவ்வளவு பெரியது, எத்தனை நாற்காலி, கையில் என்ன குடிக்கக் கொடுத்தார்கள் என்று சொல்லட்டும்.

மாமி என்ன சொல்வாரோ என்ற பயம் இனி வேண்டாம். கேட்டுப் பாருங்கள், அவருக்கே ஒன்றிரண்டு கதை தெரிந்திருக்கும் :-)